நாத்தனார் எடுத்த எக்ஸ்ரே

பிப்ரவரி 4

எக்ஸ்ரே ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். இத்தோட காகிதம் மாதிரி மெல்லிசா மூணு படலம் அனுப்பியிருக்கேன். பார்சலோட ஒரு கடிதம் இருக்கணும்னு உங்க கூடத்து விதி. அதனால எழுதறேன். மத்தபடி உங்களுக்கு எழுத எனக்கு ஆசையும் இல்ல, அவசரமும் இல்ல.

மாதிரியைப் பத்தின விவரம் வேற எழுதணுமாம். நாலு வருஷம் என் பக்கத்து மேசையில உக்காந்து படிச்சவங்களுக்கு, தன் அண்ணனையே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து எனக்கு மாப்பிள்ளையா நிறுத்தினவங்களுக்கு, நான் இதை விளக்கணும்னு தலையெழுத்து. யாரோ மூணாம் மனுஷிக்குச் சொல்ற மாதிரி சொல்றேன், கேட்டுக்குங்க.

இது ரெண்டு துண்டா இருக்கற ஒரு சங்கிலி மூலக்கூறு. ஒரு துண்டு பெப்டைடு. நம்ம உடம்புப் புரதம் மாதிரி அமினோ அமிலங்களைக் கோத்தது. அது தானாச் சுருண்டு குச்சி மாதிரி விறைச்சுக்கும். இன்னொரு துண்டு சாதாரண பிளாஸ்டிக் நூல், நெளிஞ்சு வளைஞ்சு கிடக்கும். குச்சிக்கும் நூலுக்கும் ஒத்தே வராது. ஆனா நடுவுல முடிச்சு இருக்கறதால உதறிட்டுப் போகவும் முடியாது. கரைப்பான்ல கரைச்சு ஊத்தி உலர விட்டா, குச்சியெல்லாம் ஒரு அடுக்கு, நூலெல்லாம் ஒரு அடுக்குன்னு யாரும் சொல்லாமலே அடுக்கிக்கும். ஒரு தலைமுடியோட தடிமன்ல இப்படி ஆயிரக்கணக்கான அடுக்கு கொள்ளும். குச்சி அடுக்குக்குள்ள குச்சிங்க எல்லாம் கட்டுக் கட்டின பென்சில் மாதிரி, ஒவ்வொண்ணையும் சுத்தி ஆறு பேரா நிக்குதுங்கறதுதான் என் கட்சி. அதுக்குச் சாட்சி, ஒண்ணரை நானோமீட்டர்ல எனக்குக் கிடைச்ச அந்த வளையம்; எது சம இடைவெளியில நின்னாலும் எக்ஸ்ரே படத்துல அதுக்குன்னு ஒரு வளையம் விழும்.

அந்த வளையத்தைத்தான் போன மாசக் கருத்தரங்குல, ரெண்டாவது வரிசையிலிருந்து எழுந்து, "அது படலத்தைப் பிடிக்க நீங்க ஒட்டின டேப்போட வளையம் இல்லையா?"ன்னு கேட்டீங்க. அரங்கமே சிரிச்சுது. மேடையில இருந்தது நான். சொந்த அண்ணியை நாலு பேர் முன்னாடி கேக்கறோமேன்னு ஒரு கூச்சம் இருந்துச்சா? வீட்டுக்கு வந்து நீங்க வெச்ச சமாதான போனை நான் எடுக்கல. இனியும் எடுக்க மாட்டேன்.

எங்க கருவி ரிப்பேர். வேற வழி இருந்திருந்தா உங்க வாசலுக்கு வந்திருக்க மாட்டேன். மார்ச் 12 எனக்கு நிரந்தர வேலைக்கான தேர்வுப் பேச்சு. என் ஒப்பந்தம் ஜூனோட முடியுது. இது கிடைக்கலேன்னா ஆராய்ச்சியை மூட்டை கட்டி வெச்சிட்டு வேற பொழப்புதான். ஆகவே தயவுசெஞ்சு ஒழுங்கா அளந்து அனுப்பு. அனுப்புங்க.

இப்படிக்கு,
மாதிரி அனுப்பியவர்

•

பிப்ரவரி 11

மாதிரி அனுப்பிய அம்மணி அவர்களுக்கு,

ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் பணிவோட எழுதறது. அந்தக் கடைசி வரியில "அனுப்பு"ன்னு எழுதி அடிக்காம விட்டீங்க பாருங்க, அதைப் பாத்து ரெண்டு தடவை சிரிச்சேன். கோபத்துல கூட அரை மனசு.

நல்ல சேதி முதல்ல. அடுக்கு இருக்கு அண்ணி! ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சம இடைவெளியில மூணு வளையம். அடுக்குன்னா அப்படித்தான் வரணும். இருபது நானோமீட்டர்னு நீங்க எப்பவும் சொல்றது சரி.

இப்ப கெட்ட சேதி. உக்காந்து படிங்க. கூட ரெண்டு படம் வெச்சிருக்கேன். முதல் படம் உங்க படலத்தை ஆரஞ்சு டேப்புக்கு நடுவுல வெச்சு எடுத்தது. ரெண்டாவது படத்துல படலமே இல்ல, வெறும் டேப். வளையத்தைப் பாருங்க. அதே இடம், அதே பருமன். உடனே என்னைத் திட்டி எழுதக் கிளம்பாதீங்க. டேப்பே இல்லாம, படலத்தை ரெண்டு வாஷருக்கு நடுவுல இறுக்கி, ஓட்டை வழியா எடுத்துப் பாத்தேன். வளையம் மாயம். அந்த இடத்துல மங்கலா ஒரு புகைச்சல் மட்டும் இருக்கு.

அந்த டேப் சூட்டையும் தாங்கும், எக்ஸ்ரேயையும் தாங்கும்னு ஊரெல்லாம் அதைத்தான் ஒட்டறாங்க. ஆனா அதுக்குன்னு சொந்தமா ஒரு வளையம் உண்டு. எங்களை மாதிரி நாள் முழுக்க இதுலயே கிடக்கறவங்களுக்கு அது வீட்டு வாசல் மாதிரி, தூரத்துலயே தெரிஞ்சிடும். புகைச்சல் இருக்கறதால குச்சிங்க அங்கதான் இருக்கு, வரிசைக்கு வரலேன்னு எனக்குத் தோணுது. நீங்க அடுப்புல வெச்சு அவசரமா உலர்த்தியிருப்பீங்க. உங்களுக்குத்தான் எதுலயும் பொறுமை கிடையாதே. மூடி போட்டு, கரைப்பான் ஆவியிலயே வெச்சு, மெல்ல மெல்ல உலர விடுங்களேன்.

அண்ணன் தினமும் போன் பண்றான். "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி"ங்கறான். கணக்கு வாத்தியாருக்கு உவமை வேற வருது, பரவாயில்ல.

அன்னைக்கு நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்தான். என்னால முடியல அண்ணி.

வாலு

•

பிப்ரவரி 14

வாலு,

உன் ரெண்டு படத்தையும் ஜன்னல் கண்ணாடியில ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பிடிச்சுப் பாத்தேன். திருப்பி வெச்சுப் பாத்தேன். தள்ளி நின்னு பாத்தேன். எப்படிப் பாத்தாலும் ஒண்ணாத்தான் இருக்கு. பாவி டேப்பு!

பத்திரிகைக்குப் போயிருந்த கட்டுரை இன்னும் அச்சாகல. அந்தப் படத்தை எடுத்துடச் சொல்லி நேத்தே எழுதிட்டேன். ரெண்டு நாளா உங்க அண்ணன் சமைச்சதை ஒரு வார்த்தை குத்தம் சொல்லாம சாப்பிட்டேன்னா என் நிலைமையைப் புரிஞ்சுக்கோ. அவரு பயந்து போயி டாக்டர்கிட்ட போலாமான்னு கேட்டாரு.

நீ சொன்ன மாதிரி கண்ணாடித் தட்டுல ஊத்தி, பக்கத்துல கரைப்பான் கிண்ணம் வெச்சு, எல்லாத்தையும் கவுத்து மூடிட்டேன். தட்டைத் தொடக் கூடாதுன்னு மூடி மேல பெரிய எழுத்துல எழுதி ஒட்டியிருக்கேன். அது மத்தவங்களுக்கு இல்ல, எனக்கு. அப்பவும் இன்னைக்குக் காலையில மூடியைத் தூக்கப் போன கையை நானே தட்டி விட்டேன்.

உனக்கு ஒரு சேதி. உன்னை நான் இன்னும் மன்னிக்கல. டேப் விஷயத்துல நீ சொன்னது சரி. சரியாச் சொல்றது வேற, சபையில சொல்றது வேற.

அண்ணி

•

பிப்ரவரி 27

அண்ணி,

எப்படி எழுதறதுன்னு தெரியாம மூணு தாள் கசக்கிப் போட்டேன்.

படலம் பத்திரமா வந்துச்சு. எவ்வளவு அழகு! கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு. அடுப்புல உலர்ந்த பழசு இதுக்குப் பக்கத்துல பால் திரிஞ்ச மாதிரி இருந்துச்சு. ஆசை ஆசையா வாஷர்ல மாட்டி, முதல்ல அடுக்கைப் பாத்துடலாம்னு, அதுக்குத் தோதா படம் விழற தட்டைத் தூரத் தள்ளி வெச்சு எடுத்தேன்.

ஒண்ணுமே இல்ல அண்ணி. பழசுல பளிச்சுன்னு இருந்த மூணு வளையமும் போச்சு. நடுவுல கதிர் பட்ட பொட்டு, சுத்தி வெறும் கறுப்பு. கருவி கெட்டுப் போச்சோன்னு உங்க பழைய படலத்தை மாட்டிப் பாத்தேன், வளையம் ஜம்முன்னு வருது. புதுசை மறுபடி மாட்டினேன், ஒண்ணும் இல்ல. படலத்துல வேற இடத்துல எடுத்தேன். அங்கயும் இல்ல.

மெல்ல உலர்த்தச் சொன்னது நான்தான். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணான்னு ஆயிடுச்சு. அடுக்கே கலைஞ்சு போயிருக்கணும். ஏன்னு எனக்குப் புரியல. குச்சி வளையம் பாக்கப் படம் விழற தட்டைக் கிட்டக் கொண்டு வரணும், அதுக்குள்ள கருவியில என் நேரம் முடிஞ்சு போச்சு. அடுக்கே இல்லாதப்போ அதுல என்ன பாக்கறது?

படத்தை அனுப்பறேன். நீங்க பேச்சுல பழைய மூணு வளையத்தை மட்டும் காட்டுங்க. அது நிஜம். டேப் இல்லாம எடுத்தது. அது போதும் அண்ணி, உங்களுக்குக் கிடைச்சிடும்.

நான் சொன்னா நம்பறீங்களா இன்னும்?

வாலு

•

மார்ச் 1

வாலு,

பழைய வளையம் போதாதுடி. அடுக்கு மட்டும்னா ஊர்ல யார் வேணாலும் காட்டுவாங்க. அதைப் பாத்துட்டு எனக்கு எவன் வேலை கொடுப்பான்? குச்சிங்க ஆறுகோணமா நிக்குதுன்னு காட்டறதுதான் என் சரக்கு. அது இல்லேன்னா நான் போறதே வெட்டி.

உன் கடிதம் வந்ததும் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? தேர்வுக்கு வரலேன்னு எழுதி, கவர்ல போட்டு ஒட்டியாச்சு. உங்க அண்ணன் பசை காயற வரைக்கும் இருன்னு சொல்லிட்டு டீ போடப் போயிட்டாரு.

டீ வர்றதுக்குள்ள கை சும்மா இருக்குமா? தட்டுல மிச்சம் இருந்த படலத்தைத் தூக்கிப் போடலாம்னு இடுக்கியால ஒரு ஓரத்தைப் பிடிச்சு இழுத்தேன். அது உடையல. உரிஞ்சுது. வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசா, பெரிய தகடா உரிஞ்சு வந்துச்சு. அதையே மறுபடி பிடிச்சேன், அதுக்குள்ள இருந்து இன்னும் மெல்லிசா ஒண்ணு உரிஞ்சுது. பழைய படலத்தை இழுத்துப் பாத்தேன். அது பிஸ்கட் மாதிரி பொடியாச்சு.

இப்ப நீ சொல்லு. அடுக்கே இல்லாத பண்டம் தகடு தகடா உரியுமா? எனக்கு மூளை இருக்கா இல்லையாங்கறது அப்புறம். உன் கதிரை எந்தப் பக்கத்துலேர்ந்து விட்டே? படலத்தோட முகத்துலயா, ஓரத்துலயா?

முகத்துலதான்னு நீ சொன்னேன்னா நேர்ல வந்து காதைத் திருகறேன். உரிச்ச தகடு எல்லாத்தையும் இதோட வெச்சிருக்கேன். கவரைக் கிழிச்சுட்டேன். டீயும் நல்லா இருந்துச்சு.

அண்ணி

•

மார்ச் 5

அண்ணி அண்ணி அண்ணி,

முகத்துலதான். காதை நானே திருகிக்கிட்டேன், நீங்க சிரமப்பட வேணாம்.

எனக்கு வர்றதெல்லாம் பொடி, களி, கூழு. அதுல துணுக்குங்க எல்லாப் பக்கமும் பாத்து இறைஞ்சு கிடக்கும். எந்தப் பக்கம் கதிர் விட்டாலும் ஒண்ணுதான். உங்க பழைய படலமும் அந்த ஜாதி. அவசரத்துல உலர்ந்து, அடுக்கெல்லாம் துண்டு துண்டா தாறுமாறா கிடந்துச்சு, அதனால எப்படி வெச்சாலும் வளையம் வந்துச்சு. இந்தப் புதுசு அப்படி இல்ல. அடுக்கு அத்தனையும் உங்க கண்ணாடித் தட்டோட தரையில ஒழுங்காப் படுத்திருக்கு. படுத்திருக்கற அடுக்கை மேலேருந்து பாத்தா அடுக்கு எங்க தெரியும்? புத்தகத்தை அட்டைப் பக்கமா பாத்துட்டு உள்ள தாளே இல்லேன்னு சொன்ன மேதாவி நான்! ரொம்ப ஒழுங்கா இருந்ததாலதான் ஒண்ணுமே தெரியல. அதைப் போயி கலைஞ்சு போச்சுன்னு எழுதி, உங்களைக் கவர் ஒட்ட வெச்சுட்டேனே.

நீங்க அனுப்பின தகடுங்களைப் பிளேடால பட்டை பட்டையா நறுக்கி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, கட்டா நிமித்தி வெச்சிருக்கேன். இனி கதிர் ஓரத்துலேர்ந்துதான். டேப் அந்த அறைக்குள்ளயே வரக் கூடாதுன்னு டிராயர்ல போட்டுப் பூட்டிட்டேன். இந்தத் தடவை படம் விழற தட்டைத் தூரத்துலயும் கிட்டத்துலயும் வெச்சு ரெண்டையும் எடுப்பேன்.

ஒரே ஒரு சிக்கல். கருவி இன்னும் ஒரு வாரம் முழுக்க, சிமெண்ட் ஆராயற ஒரு சிமெண்ட்டுக்காரருக்கு. அவரு கால்ல விழாத குறையாக் கெஞ்சி 10ஆம் தேதி வாங்கியிருக்கேன். 10ல எடுத்துத் தபால்ல போட்டா 12க்கு வந்து சேராது. ஃபேக்ஸ்ல விட்டா வளையமெல்லாம் மசிப் பொட்டாத்தான் வரும். அதனால படம் தபால்ல வராது. நான் எடுத்துட்டு வர்றேன். பேச்சு தொடங்கறதுக்குள்ள வாசல்ல நிப்பேன். அன்னைக்கே திரும்பணும்.

படத்துல ஒண்ணும் இல்லேன்னாலும் வருவேன். அதையும் நேர்லதான் சொல்லுவேன், வாசல்லயே, காதுல.

வாலு

•

மார்ச் 14

என் வாலே,

ரயிலுக்கு நேரமாச்சுன்னு கடைசி கேள்வி முடியறதுக்குள்ள ஓடிட்டே. மிச்சத்தைக் கேளு.

வாசல்ல நீ படத்தை நீட்டினப்போ உன் மூஞ்சியைப் பாத்தே எனக்குத் தெரிஞ்சு போச்சு. வாயை இறுக்கி மூடிட்டுச் சிரிக்காம நிக்கறதா நினைப்பு உனக்கு, கன்னம் ரெண்டும் உப்பிப் போயி! அடுக்குப் புள்ளிங்க மேலயும் கீழயும் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு ஏணி மாதிரி. பக்கவாட்டுல குச்சிங்களோட புள்ளி, ஆறுகோணத்துக்கு எந்த விகிதத்துல வரணுமோ அதே விகிதத்துல. அதுவும் ஒண்ணேகால் நானோமீட்டர்ல. நான் டேப்பைப் பாத்துச் சொன்ன ஒண்ணரை இல்ல. என் குச்சிங்க நான் நினைச்சதை விட நெருக்கமா நின்னுட்டு இருந்திருக்கு. அங்கயே உன்னைக் கட்டிப் பிடிச்சு அழுதிருப்பேன், கண் மை கலைஞ்சிடும்னு அடக்கிக்கிட்டேன்.

நான் பேச்சை எப்படி ஆரம்பிச்சேன்னு பாத்தேல்ல? டேப் படத்தைத்தான் முதல்ல போட்டேன். "இதை என் மூலக்கூறுன்னு ஒரு மாசம் முந்தி வரைக்கும் நம்பினேன், இது டேப்"னு சொன்னதும் தேர்வுக் குழுவுல ஒருத்தர் பேனாவைக் கீழ வெச்சாரு. அவ்வளவுதான், நம்ம கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்புறம் பழைய படலம், அப்புறம் உன் கறுப்புப் படம், அது ஏன் கறுப்புன்னு, கடைசியா ஓரத்துலேர்ந்து எடுத்தது. நீ போனப்புறம் குழுத் தலைவி அம்மா, "உங்க தப்பை நீங்களே ஏன் காட்டினீங்க? காட்டாம விட்டிருந்தா எங்களுக்குத் தெரியவே தெரியாதே"ன்னாங்க. "அதை விட்டா கடைசிப் படத்தை எப்படி நம்புவீங்க?"ன்னு கேட்டேன். "சரி, இதை அளந்தது யாரு?"ன்னாங்க. "என் நாத்தனார்"னேன். அந்த அம்மா, "நாத்தனாரே ஒத்துக்கிட்டாங்களா? அப்ப நாங்க மேல கேக்க என்ன இருக்கு?"ன்னு சிரிச்சாங்க. ஒருத்தர் மேசையையே தட்டிட்டாரு.

சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னாங்க. வேலை எனக்குத்தான். உங்க அண்ணன் வராந்தாவுலயே அழுதுட்டாரு. உங்க பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பாத்தா என்ன ஆகும்னு கேட்டா, "வகுத்தா மீதி வருது"ங்கறாரு; கண்ணீர்தான் அந்த மீதியாம். அவரை உங்க வீட்டுல என்ன சொல்லி வளத்தீங்களோ!

வாலு, ஒண்ணு சொல்லணும். அந்த அம்மா சொன்னது நேத்து முழுக்க மனசுல ஓடிட்டே இருந்துச்சு. நீ அன்னைக்குக் கருத்தரங்குல எழுந்து கேக்கலேன்னா, நான் அந்த டேப் படத்தோடதான் இந்தக் குழு முன்னாடி நின்னிருப்பேன். யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க. வேலையும் கிடைச்சிருக்கும். அதுதான் எனக்குப் பயமா இருக்கு. அதுக்கு மேல பத்து வருஷம் கட்டியிருப்பேன், என் மாணவங்களும் கட்டியிருப்பாங்க, எல்லாம் டேப்பு மேல. நீ என்னை அவமானப்படுத்தினேன்னு ஒரு மாசம் போனை எடுக்காம இருந்தேனே, நீ என்னைக் காப்பாத்தியிருக்கே. ரொம்ப நன்றிடி. இதைச் சொல்ல வாய் வரல, அதனாலதான் போன்ல சொல்லாம எழுதறேன்.

ஆனா அடுத்த தடவை ஏதாவது தப்பு கண்டுபிடிச்சா, முந்தின நாளே வீட்டுக்கு வா. நல்லா சாப்பிடு. அப்புறம் மெதுவா என் காதுல சொல்லு. சபையில வேணாம்.

உன் அண்ணி

•

மார்ச் 18

நிரந்தர அண்ணிக்கு,

வாழ்த்து! கூடத்துல எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். சிமெண்ட்டுக்காரர் ரெண்டு தடவை எடுத்துக்கிட்டாரு, அவருக்கு உரிமை இருக்கு.

காதுல சொல்ற யோசனையை நல்லா யோசிச்சுப் பாத்தேன். சரிப்பட்டு வராது அண்ணி. கருத்தரங்குக்கு முந்தின நாள் உங்க வீட்டுலதான் தங்கியிருந்தேன், ஞாபகம் இருக்கா? சாப்பிட்டு முடிச்சதும் பாத்திரம் கழுவிட்டே உங்க காதுல சொன்னேன், "அந்த வளையம் டேப்பா இருக்குமோ"ன்னு. "போடி, தட்டைத் துடை"ன்னீங்க. துடைச்சேன்.

அதனால சாப்பிட முந்தின நாளே வந்துடறேன். கேள்வியை மட்டும் சபையிலயே கேட்டுக்கறேன்.

வாலு